சிம்மாசனத்துக்குச் சின்னப் பையன் தேவை

கி.பி. 106-ல் சீனப் பேரரசின் சிம்மாசனத்தில் அமர்ந்தவருக்கு வயது நூறு நாள் சொச்சம். அமர்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலை நின்று சில நாள் ஆகியிருந்தாலே அதிகம். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தும் போனார். அவருடைய ஆட்சியில் ஒரு குறை சொல்ல முடியாது. படை திரட்டிக்கொண்டு போய் யாருடைய ஊரையும் கொளுத்தவில்லை, எவன் தலையையும் சீவச் சொல்லவில்லை. பசித்தால் அழுதார், வயிறு நிறைந்தால் தூங்கினார். பின்னால் வந்தவர்களைப் பார்க்கும்போது, ஹான் வம்சத்தின் பொற்காலமே அந்த ஏழு மாதம்தானோ என்று தோன்றுகிறது.

லுவோயாங் நகரைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்ட கிழக்கு ஹான் வம்சத்தில் முதல் மூன்று சக்கரவர்த்திகள் மீசை முளைத்தபின் பதவிக்கு வந்தவர்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிள்ளைகள். பத்து வயது, நூறு நாள், பதின்மூன்று, பதினொன்று, இரண்டு, எட்டு, பதினைந்து என்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் படிக்கிறோமோ என்று சந்தேகம் வரும். இதிலும் ஒரு வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது போட்டுவிடுவது சீனக் கணக்கு.

இதெல்லாம் விதியின் விளையாட்டு என்று சொன்னால் விதிக்கே கோபம் வரும். சக்கரவர்த்தி சிறுவனாக இருந்தால் அவன் பெயரில் ராஜமாதா ஆள வேண்டும் என்பது அங்கே வழக்கம். வாரிசு இல்லாமல் சக்கரவர்த்தி செத்தால், அரச குடும்பத்தில் யாரைக் கொண்டுவந்து உட்காரவைப்பது என்று முடிவு செய்வதும் ராஜமாதாதான். அவளுக்கு நம்பகமான ஆட்கள் யார்? பிறந்த வீட்டு ஆண்கள். அவளுடைய அப்பனோ அண்ணனோ ‘மகா சேனாதிபதி’ ஆவான். பெயரில் சேனை இருந்தாலும் அவன் குதிரை ஏறிப் போர்க்களம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அரண்மனையிலேயே இருந்து ஆட்சியைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆக, நாற்பது வயதுக்காரன் ஒருவன் சக்கரவர்த்தியானால் ராஜமாதாவுக்கும் வேலையில்லை, அவள் அண்ணனுக்கும் வேலையில்லை. இரண்டு வயதுப் பையன் வந்தால் இருவருக்கும் பதினைந்து வருஷத்துக்கு உத்தியோகம் உறுதி. மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவதைப் போல, மாமன் மடியில் உட்கார்த்தியே பட்டாபிஷேகம் செய்தார்கள். குத்தியது மட்டும் காதை அல்ல.

இந்த ஏற்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோன மகானுபாவர் லியாங் ஜி. சக்கரவர்த்தி ஷுன் என்பவரின் பட்டமகிஷி லியாங் நாவுக்கு அண்ணன். மனிதர் தோற்றத்தைப் பற்றிப் பழைய வரலாற்று நூல் கொடுக்கும் வர்ணனையைப் படித்தால், எழுதியவருக்கு அவரோடு சொந்தப் பகை இருந்ததோ என்று நினைக்கத் தோன்றும். பருந்தின் தோள், செந்நாயின் கண், நிலைகுத்திய பார்வை, வாய்க்குள்ளேயே குழறும் பேச்சு. எழுத்தும் கணக்கும் தட்டுத் தடுமாறி வரும். ஆனால் குடி, சூதாட்டம், பலகை விளையாட்டு, பந்து உதைப்பது, கோழிச்சண்டை, வேட்டை நாய், வல்லூறு பறக்க விடுவது என்று மற்ற கலைகள் அத்தனையிலும் தேர்ச்சி. அப்பா லியாங் ஷாங் அடக்கமானவர். இருக்கிற இடம் தெரியாமல் மகா சேனாதிபதியாக இருந்தார். அந்த அடக்கத்தைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைக்க மறந்துவிட்டார்.

தலைநகர் வட்டாரத்தின் ஆட்சியராகப் பையனை உட்காரவைத்தபோதே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. லுவோயாங் நகர நிர்வாகி லூ ஃபாங், அப்பாவின் நண்பர். ‘உங்கள் பையன் செய்வது சரியில்லை’ என்று அப்பாவிடம் சொல்லிவைத்தார். அப்பா பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பிள்ளை ஆள் அனுப்பி லூ ஃபாங்கை நடுவழியில் தீர்த்துக்கட்டினான். சாதாரணக் கொலைகாரன் இந்த இடத்தில் ஓடி ஒளிந்திருப்பான். லியாங் ஜி வேறு ரகம். இறந்தவரின் தம்பியையே நகர நிர்வாகியாக நியமிக்க ஏற்பாடு செய்து, ‘உன் அண்ணனைக் கொன்றவர்கள் இன்னார்தான், பிடி’ என்று லூ குடும்பத்தின் பழைய பகையாளிகளைக் காட்டிவிட்டான். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்பாவுக்குப் பிள்ளைமேல் சந்தேகம் வராமல் இருக்க நூறு பிணம். வீட்டுப் பெரியவர்களிடம் அவ்வளவு பயம்.

141-ல் அப்பா கண்ணை மூடினார்; பதவி பிள்ளைக்கு வந்தது. 144-ல் சக்கரவர்த்தி ஷுன் முப்பது வயதில் கண்ணை மூடினார். சிம்மாசனம் அவருடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு வந்தது. லியாங் நா இப்போது ராஜமாதா. இந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியே ஆக வேண்டும். படித்தவள், நேர்மையான அமைச்சர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தவள். லி கு என்ற முதுகெலும்புள்ள அறிஞரை மூத்த அமைச்சராக்கி, அவர் பேச்சைப் பெரும்பாலும் கேட்டாள். அவளிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. அது அவளோடு பிறந்திருந்தது.

இரண்டு வயதுக்காரர் ஐந்து மாதத்தில் காலமானார். மறுபடி ஆள் தேட வேண்டும். அரச குடும்பத்தில் இரண்டு பேரை லுவோயாங்குக்கு அழைத்து வந்தார்கள். ஒருவர் சிங்ஹே இளவரசர். வயதில் பெரியவர், கண்டிப்பானவர், நடத்தை சுத்தம். இன்னொருவன் லியூ சுவான், எட்டு வயது. பெரியவரைப் போடுவதுதான் நாட்டுக்கு நல்லது என்று லி கு வாதாடினார். விவரம் தெரிந்தவர், நிர்வாகம் புரிந்தவர், தானே ஆளக்கூடியவர் என்று அவர் அடுக்கிய ஒவ்வொரு தகுதியும் லியாங் ஜியின் காதில் ஒவ்வொரு குற்றச்சாட்டாக விழுந்திருக்கும். சிங்ஹே இளவரசர் வந்த வழியே ஊருக்குத் திரும்பினார். எட்டு வயதுப் பையன் சக்கரவர்த்தி ஆனான்.

தேர்வில் ஒரு சின்னக் கவனக்குறைவு நேர்ந்துவிட்டது. வயதைப் பார்த்தார்கள், வாயைப் பார்க்கவில்லை. லியூ சுவான் சூட்டிகையான பிள்ளை. ஒருநாள் அமைச்சர்கள் எல்லாரும் கூடியிருந்த சபையில் லியாங் ஜியை ஏற இறங்கப் பார்த்து, இவர் அடாவடிச் சேனாதிபதி என்று சொல்லிவிட்டான். அந்தரங்கத்தில் ஆயாவின் காதில் சொல்லியிருந்தால் போயிற்று. முழுச் சபையில் சொன்னான். அங்கே நின்றிருந்த நரைத்த தாடிகள் அத்தனைக்கும் மனதுக்குள் இருந்தது அதே வாக்கியம்தான். அந்தக் கணம் எத்தனை பேர் கூரையின் வேலைப்பாட்டை ரசிக்கத் தொடங்கியிருப்பார்கள், எத்தனை பேருக்கு இருமல் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வது உண்டு.

எட்டு வயதில் இதைச் சொல்கிறவன் பதினெட்டு வயதில் இதைச் செய்துவிடுவான் என்று லியாங் ஜி கணக்குப் போட்டார். அவருக்கு வந்த ஒரே கணக்கு அதுதான்.

146-ஆம் ஆண்டு கோடை. மாவைப் பிசைந்து துண்டுகளாக்கிக் கொதிக்கவைத்த சூப் ஒன்று பையனுக்குச் சாப்பிடக் கொடுக்கப்பட்டது. பரிமாறியது அரண்மனை ஊழியர்கள். விஷம் வைக்கச் சொன்னது மகா சேனாதிபதி. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. பையன் அழைத்தது லி குவைத்தான். எந்த ஆளை நம்பலாம் என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது அவனால் பேச முடிந்தது. சூப் குடித்ததைச் சொன்னான், வயிறு அடைக்கிறது என்றான், தண்ணீர் கொடுத்தால் பிழைத்துக்கொள்வேன் என்றான். பக்கத்திலேயே நின்ற லியாங் ஜி, தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவார், கொடுக்காதீர்கள் என்றார். ஒரு கொலைகாரன் கொடுத்த மருத்துவ ஆலோசனைகளில் இதைவிட நேர்மையானது கிடையாது. அவர் பயந்தது நிஜமாகவே அந்த வாந்திக்குத்தான். அவர் பேசி முடிக்கும் முன் பையன் இறந்துவிட்டான். லி கு உடலின்மேல் விழுந்து அழுதார். எழுந்ததும் அரண்மனை வைத்தியர்களை விசாரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அன்றைக்கு அவர் பெயரும் ஒரு பட்டியலில் ஏறியது.

மறுபடியும் தேடல். இந்த முறையும் சிங்ஹே இளவரசரின் பெயர்தான் வந்தது. லி குவும், து சியாவ் என்ற இன்னொரு பிடிவாதக்காரரும், ஏன், வழக்கமாக வளைந்து கொடுக்கும் அமைச்சர்களும்கூட அவரையே சொன்னார்கள். லியாங் ஜிக்கு மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அன்றிரவு அவர் வீட்டுக்கு ட்சாவோ தெங் என்பவர் வந்தார். அந்தப்புரத்தில் வேலை பார்ப்பதற்காகக் காயடிக்கப்பட்ட ஊழியர்களில் மூத்தவர், செல்வாக்குள்ளவர். முன்பு இவர் சிங்ஹே இளவரசரைப் பார்க்கப் போயிருந்தபோது இளவரசர் சரியாக மரியாதை கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பு உள்ளே இருந்தது. கண்டிப்பான மனுஷன் அரியணை ஏறினால் உங்கள் குடும்பத்துக்கு நாள் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்துச் சொன்னார். ஒரு வணக்கத்தைத் திருப்பிச் செலுத்தாததற்குச் சிங்ஹே இளவரசர் கொடுத்த விலை ஒரு சாம்ராஜ்யம். (இந்த ட்சாவோ தெங் தத்தெடுத்த பிள்ளைக்குப் பிறந்தவர்தான், அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு பொம்மைச் சக்கரவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டை ஆண்ட ட்சாவோ ட்சாவோ. சில குடும்பங்களில் தொழில் கைமாறுவதே இல்லை.)

மறுநாள் சபையில் லியாங் ஜி கண்ணை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் சொன்ன பெயர் ஒரு பதினைந்து வயதுப் பையனுடையது. அவன் ஏற்கெனவே லுவோயாங்கில் இருந்தான். வந்த காரியம் கல்யாணம்; பெண், லியாங் ஜியின் இன்னொரு தங்கை. நேற்று வளைந்து கொடுக்காதிருந்த முதுகுகள் சேனாதிபதியின் முகத்தைப் பார்த்ததும் வளைந்தன. மகா சேனாதிபதி சொன்னால் சரி என்று ஹு குவாங் உள்ளிட்டோர் சொல்லிவிட்டார்கள். இந்த ஹு குவாங் வாழ்நாளில் ஆறு சக்கரவர்த்திகளிடம் உயர்பதவி வகித்தவர். எப்படி என்று யாராவது கேட்டால் அந்தக் காலைப்பொழுதைக் காட்டலாம். லி குவும் து சியாவும் மட்டும் பழைய பெயரையே திரும்பச் சொன்னார்கள். லியாங் ஜி, சபை கலையலாம் என்று கத்தினார். மாப்பிள்ளையாக வந்த பையன் சக்கரவர்த்தி ஹுவான் ஆனான். வரதட்சணையாகச் சீனா. அக்கா ராஜமாதா, தங்கை பட்டமகிஷி, நடுவில் அண்ணன்.

லி கு முதலில் வேலையை இழந்தார். 147-ல் உயிரை இழந்தார். சிங்ஹே இளவரசரை அரசராக்க யாரோ சதி செய்தார்கள் என்ற வழக்கில் அவரையும் து சியாவையும் சேர்த்துச் சிறையில் முடித்து, உடல்களை நாற்சந்தியில் போட்டார்கள். யாரும் பக்கத்தில் போய் அழக்கூடாது என்று உத்தரவு. இளவரசர் தற்கொலை செய்துகொண்டார். பதவியை இரண்டு முறை கோட்டைவிட்ட மனிதருக்கு அது தனக்கு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கும் வாய்ப்புகூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இனி லியாங் ஜிக்குத் தடையில்லை. ஹான் சபையில் அமைச்சர்கள் சக்கரவர்த்திமுன் நிதானமாக நடக்கக் கூடாது. குறுகிய அடி வைத்து ஓடிவர வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும், வாளைக் கழற்ற வேண்டும், பெயர் சொல்லி அறிவிக்கப்பட வேண்டும். 151-ல் இந்த நான்கிலிருந்தும் அவருக்கு விலக்கு தரப்பட்டது. ஆற அமர நடந்து, செருப்போடும் வாளோடும் வந்து நிற்கலாம். மனிதருக்கு இதுவும் போதவில்லை. கொடுத்தவர்கள் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். எந்த ஊருக்கு அதிகாரியாக நியமனம் கிடைத்தாலும் முதலில் அவர் வீட்டு வாசலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டுத்தான் அரசுச் செயலகத்துக்குப் போக வேண்டும். லியாவ்தோங் ஆளுநராக நியமிக்கப்பட்டவர் இந்த முறையைத் தவறவிட்டார். வேறு ஏதோ குற்றம் சொல்லி அவரை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். வாசலில் நிற்பவன் கைக்கு ஏதாவது தள்ளாமல் உள்ளே போக முடியாது என்பதால் வாயிற்காவலர்களே கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

யுவான் ஜு என்ற பத்தொன்பது வயது இளைஞன், மகா சேனாதிபதி ஓய்வு பெற்றுக்கொள்வது நல்லது என்று மனு எழுதிவிட்டான். எழுதிய கையோடு நிலைமை புரிந்து, பெயரை மாற்றிக்கொண்டு தலைமறைவானான். தேடல் விடாமல் துரத்தியது. நோயில் செத்ததாகச் செய்தி பரப்பி, கோரைப்புல்லைக் கட்டி மனித உருவம் செய்து, சவப்பெட்டி வாங்கி, முறைப்படி தன்னைத்தானே அடக்கம் செய்தான். அதையும் லியாங் ஜியின் ஆட்கள் துப்புத் துலக்கி அவனைப் பிடித்து அடித்தே கொன்றார்கள். ஒழுங்காக எழுதப் படிக்க வராதவருக்கு உளவுத்துறை மட்டும் பிரமாதம்.

ஆனால் இப்படிப்பட்ட சிங்கமும் வீட்டுக்குள் போனால் காலைத் தூக்கி வைத்துப் பூனை நடை நடந்தது. காரணம், திருமதி சுன் ஷோ. பேரழகி. சக்கரவர்த்தி வீட்டு மூத்த இளவரசிக்குச் சமமான அந்தஸ்தும், ஆண்டுக்கு 5 கோடிக் காசு வருமானமும் அவள் பெயரில் தனியாக இருந்தன. அவள் உண்டாக்கிய ஃபேஷன்களைக் கேளுங்கள். சோகம் படிந்த வளைவில் மெல்லிய புருவம். இப்போதுதான் அழுது முடித்ததாகக் காட்டும், கண்ணுக்குக் கீழே போடும் மேக்கப். குதிரையிலிருந்து விழுந்தவளின் கொண்டை, அதாவது ஒரு பக்கமாகச் சரிந்தது. கால் உடம்பைத் தாங்காது என்று தோன்றவைக்கும் ஒடிந்த நடை. இவற்றின் மகுடமாகப் பல்வலிச் சிரிப்பு. லுவோயாங் பெண்கள் மொத்தமாக இதைக் காப்பியடித்தார்கள். ஒரு தலைநகரமே விபத்தில் அடிபட்டு, அழுது, பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தெருவில் போவதை எண்ணிப் பாருங்கள். கணவரும் சளைக்கவில்லை, பின்னால் வால் போலத் தரையில் இழுபடும் அங்கி அவருடைய கண்டுபிடிப்பு.

அழுத முகம் மேக்கப்தான், அழவைப்பது நிஜம். அப்பா இறந்த துக்கம் காக்க வேண்டிய காலத்தில் லியாங் ஜி நகருக்கு மேற்கே ஒரு வீட்டில் யோ தோங்சி என்ற பெண்ணோடு ரகசியக் குடித்தனம் நடத்தினார். ஒருநாள் அவர் வெளியே போன நேரம் பார்த்து சுன் ஷோ அடியாள் பட்டாளத்தோடு இறங்கினாள். அந்தப் பெண்ணைத் தூக்கிவந்து, முடியை அறுத்து, முகத்தைக் கீறி, சாட்டையால் அடித்துவிட்டு, துக்க காலத்தில் என் புருஷன் செய்த காரியத்தைச் சக்கரவர்த்திக்கே மனுவாக எழுதப்போகிறேன் என்றாள். சக்கரவர்த்திகளை நியமிப்பவரும் நீக்குபவருமான லியாங் ஜி நேரே மாமியார் வீட்டுக்கு ஓடினார். நெற்றி தரையில் பட விழுந்து, உங்கள் பெண்ணைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள் என்று கெஞ்சினார். பிறகும் அந்த உறவு தொடர்ந்தது. ஒரு பிள்ளையும் பிறந்தான். சுன் ஷோ தன் மகனை அனுப்பி யோ குடும்பத்தையே அழித்தாள். தப்பிய அந்தக் குழந்தையை லியாங் ஜி தன் வீட்டு இரட்டைச் சுவரின் இடைவெளிக்குள் ஒளித்து வளர்த்தார்.

அம்மாளும் பத்தினித் தெய்வம் என்று சொல்வதற்கில்லை. சின் கோங் என்ற அடிமைக் கண்காணிப்பாளன் ஒருவன், இருவருக்குமே செல்லம். அவன் வந்தால் அம்மாள் பணிப்பெண்களை வெளியே அனுப்பிவிட்டு ‘ஆலோசனை’ நடத்துவாள். அவனுக்கு அரசுக் களஞ்சியத்தின் தலைமைப் பதவியும் கிடைத்தது. மாகாண ஆளுநர்கள் தலைநகருக்கு வந்தால் அவனையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கணவர் தெருவின் ஒரு பக்கம் மாளிகை கட்ட, மனைவி எதிர்ப்பக்கம் போட்டி மாளிகை எழுப்பினாள். இரண்டு கட்டடத்துக்கும் வேலையாட்கள் வேண்டுமே? பிடித்து வந்த ஆயிரக்கணக்கான குடிமக்களுக்கு ‘தன்னைத் தானே விற்றுக்கொண்டோர்’ என்று பெயர் வைத்தார்கள். சட்டம் எதையும் மீறாமல் சொற்களாலேயே அடிமை பிடிக்கும் வித்தை.

ஷி சுன் ஃபென் என்ற பணக்காரக் கஞ்சனுக்கு லியாங் ஜி குதிரைகளைப் பரிசாக அனுப்பி, 5 கோடி கடன் கேட்டார். கஞ்சன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு 3 கோடி கொடுத்தான். பேரம் பேசுகிறானா? அவனுடைய அம்மா முன்பு லியாங் வீட்டுக் கருவூலத்தில் அடிமையாக இருந்து முத்தும் தங்கமும் திருடிக்கொண்டு ஓடியவள் என்று புகார் போனது. ஃபென் சிறையில் செத்தான்; வீட்டிலிருந்து அள்ளியது 17 கோடி. மீதி 2 கோடியைக் கொடுத்திருந்தால் 15 கோடி மிஞ்சியிருக்கும் என்று அவன் சிறையில் கணக்குப் போட்டிருப்பான். கஞ்சர்கள் கணக்கில் கெட்டி.

அடுத்தது முயல். லியாங் ஜிக்குப் பல மைல் நீளத்தில் ஒரு முயல் பூங்கா இருந்தது. மாவட்டங்களுக்கெல்லாம் ஓலை போட்டு உயிரோடு முயல்களை வரவழைத்து, ரோமத்தைக் கொஞ்சம் மழித்து அடையாளம் வைத்து விட்டிருந்தார். அடையாளமுள்ள முயலைக் கொன்றால் மரண தண்டனை. மேற்குப் பாலைவனத்துக்கு அப்பாலிருந்து வந்த வியாபாரி ஒருவனுக்கு இந்த விவரம் தெரியாது. பசியோ வேட்டை ஆசையோ, ஒரு முயலை அடித்தான். நான் இல்லை அவன், அவன் இல்லை இவன் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு சக்கரவர்த்தி செத்ததற்கு ஒரு வைத்தியரைக்கூட விசாரிக்காத ஊரில், ஒரு முயலுக்கு இவ்வளவு நீதி.

குடும்ப நிலவரம் இப்படி: 7 பிரபுக்கள், 3 மகாராணிகள், 2 மகா சேனாதிபதிகள், 3 இளவரசி மாப்பிள்ளைகள், அமைச்சர் ஆளுநர் தளபதி என்று இதர பதவிகளில் 57 பேர். பதினாறு வயது மகனுக்குத் தலைநகர் ஆட்சியர் பதவி. அவன் மேல் அரச உடையும் தொப்பியும் பொருந்தாமல் தொங்கியதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்களெல்லாம் சிரித்தார்களாம். அந்த ஆட்சியில் வரி இல்லாமல் கிடைத்த ஒரே பொருள் அந்தச் சிரிப்பு.

சக்கரவர்த்தி ஹுவான் இத்தனைக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தார்? வளர்ந்துகொண்டிருந்தார். சின்னப் பையனை வைத்து நடத்தும் இந்தத் தொழிலில் சரிசெய்யவே முடியாத கோளாறு அதுதான். சூப் கொடுக்காவிட்டால் பையன்கள் பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். 150-ல் ராஜமாதா இறந்தும், ஹுவானுக்குக் காகிதத்தில் முழு அதிகாரம் வந்தும், மனைவி என்ற பெயரில் பக்கத்திலேயே சேனாதிபதியின் தங்கை இருந்தாள். அரண்மனைக் காவலும் பணியாட்களும் லியாங் ஜியின் ஆட்கள். சக்கரவர்த்தி தும்மினால் தும்மல் முதலில் போய்ச் சேருவது அங்கே. 158-ல் ஒரு சூரிய கிரகணம். கிரகணம் பிடித்தால் யாராவது மூத்த அமைச்சரைப் பொறுப்பாக்கி வீட்டுக்கு அனுப்புவது ஹான் மரபு. வானியல் அதிகாரி சென் ஷோவ், இந்தக் கிரகணத்துக்குப் பொறுப்பு மகா சேனாதிபதி என்று அறிக்கை கொடுத்தார். அவரைச் சிறையில் வைத்துக் கொன்றார்கள். ஹுவானுக்கு இது உள்ளே போய்த் தைத்தது.

159-ல் தங்கை இறந்தாள். அரண்மனைக்குள் லியாங் ஜிக்கு இருந்த கயிறு அறுந்தது. உடனே வேறு கயிறு தேடினார். ஹுவானுக்கு அப்போது பிரியமான பெண் தெங் மெங்நூ. அப்பா இல்லாதவள்; அவள் அம்மாவை மறுமணம் செய்தவர் சுன் ஷோவின் மாமா. இவள் என் மகள் என்று லியாங் ஜி அறிவித்து, தன் குடும்பப் பெயரையும் ஒட்டிவைத்தார். மாப்பிள்ளை தயார், மாமனாரும் தயார். பெண்ணின் நிஜ உறவினர்கள் மட்டும் இடைஞ்சல். அக்கா கணவன் வாயை மூட ஆள் அனுப்பிக் கொன்றார். அடுத்து அம்மாவைக் கொல்ல ஆள் அனுப்பினார். கொலைகாரன் பக்கத்து வீட்டுக் கூரை வழியாக இறங்கத் திட்டமிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அந்தப்புர ஊழியர். கூரையில் சத்தம் கேட்டதும் முரசை எடுத்துத் தட்டித் தெருவையே கூட்டிவிட்டார். அம்மா பிழைத்து, நேராக அரண்மனைக்கு ஓடி மாப்பிள்ளையிடம் முறையிட்டாள்.

ஹுவானுக்கு வயது இருபத்தெட்டு. பதின்மூன்று ஆண்டுப் பொறுமை அன்று தீர்ந்தது. ஆனால் யாரிடம் பேசுவது? சுவரெல்லாம் காது. யோசித்து, கழிப்பறைக்குப் போனார். கூடவே தாங் ஹெங் என்ற அந்தப்புர ஊழியரைக் கூப்பிட்டுக்கொண்டார். சேனாதிபதியின் வேவு எட்டாத இடம் பேரரசிலேயே அந்த ஒன்றுதான். லியாங் குடும்பத்தோடு ஒத்துப்போகாதவர்கள் இங்கே யார் யார் என்று கேட்டார். தாங் ஹெங் நான்கு பெயர்களைச் சொன்னார். ஷான் சாவோ, ட்சுவோ குவான், ஷு ஹுவாங், ஜு யுவான். ஆகமொத்தம் ஐந்து ஊழியர்கள், ஒரு சக்கரவர்த்தி. சத்தியம் செய்ய வேண்டிய கட்டம் வந்தது. ரத்தம் வேண்டும். சக்கரவர்த்தி ஷான் சாவோவின் கையைப் பிடித்து இழுத்து, ரத்தம் வரும்வரை கடித்தார். தன் கையைக் கடித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வகையில் அரச பரம்பரைதான்.

செப்டம்பர் 9, 159. லியாங் ஜிக்கு ஏதோ வாடை அடித்து, தன் ஆள் ஒருவனை அரண்மனைக்குள் காவலுக்கு அனுப்பினார். ஜு யுவான் அவனைப் பிடித்து உள்ளே போட்டார். ஹுவான் சபை மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்து விஷயத்தை வெளியே விட்டார். செயலக எழுத்தர்கள் கையில் ஆயுதத்தோடு வாசலைக் காத்தார்கள். குதிரை லாயத்து வீரர்கள், மெய்க்காவலர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் திரட்டி சேனாதிபதியின் மாளிகையைச் சுற்றிவளைத்தார்கள். முத்திரையைப் பறித்தார்கள். தண்டனையும் பண்போடு வந்தது: பதவி இறக்கி, இன்றைய வியட்நாமில் இருக்கும் ஒரு கோடிச் சீமைக்கு அவரைச் சின்னப் பிரபுவாக நியமித்தார்கள். லியாங் ஜியும் சுன் ஷோவும் அன்றே தற்கொலை செய்துகொண்டார்கள். இருபது வருட அடாவடி ஒரே பகலில் முடிந்தது. சுற்றிவளைத்தபோது அவர் ஒரு வாள்கூட வீசியதாகத் தெரியவில்லை. சேனாதிபதிதான், சண்டை பழக்கமில்லை.

லியாங், சுன் இரு குடும்பங்களும் வேரோடு அழிக்கப்பட்டன. உயர் அதிகாரிகளில் பல பத்துப் பேர் செத்தார்கள். லியாங் ஜியின் ஆட்கள் என்று 300-க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கி முடித்துவிட்டுப் பார்த்தால் அரசவையில் ஆளே இல்லை. ஹு குவாங்கும் போனார், ஆனால் பிறகு திரும்பி வந்துவிட்டார். அவர் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சொத்தை ஏலம் போட்டதில் 300 கோடிக் காசுக்கு மேல் கிடைத்தது. அந்த வருஷம் நாடு முழுவதும் வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். பூங்காக்களை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார்கள். சந்தைகளில் பல நாள் ஒரே ஆரவாரம்.

கழிப்பறைக் கூட்டணியின் ஐவருக்கும் ஒரே நாளில் பிரபுப் பட்டம். ஷான் சாவோவுக்கு 20,000 குடும்பங்களின் வரி, மற்றவர்களுக்கும் பத்தாயிரத்துக்குக் குறையாமல். ஐந்து பேரும் மாளிகை எழுப்பும் வேலையில் இறங்கினார்கள். உறவினர்களை ஊர் ஊராக அதிகாரிகளாக அனுப்பினார்கள். சிறிது காலத்தில் ஷான் சாவோ நோயில் படுத்தார். ஹுவான் அவர் வீட்டுக்குத் தூதரை அனுப்பி, அவரைத் தேர்ப்படை குதிரைப்படைத் தளபதியாக நியமித்தார். பல் பதிந்த அந்தக் கையிலேயே முத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.